மாப்ள மாத்திரையும் சர்ப்ளஸ் டப்பாவும்

இல்ல அம்முணி, நீ என்ன சொன்னாலும் அந்த டப்பா என்ற சொத்துதான். அப்பன் வேலை பாக்கற எடத்துக்கு வந்து, அத்தன பேரு முன்னால டப்பாவைத் தொறந்து செக்கிங் மேசை மேல கவுத்துக் கொட்டி, அப்பறம் ஒட்டுக்கா வாரி உன்ற பைக்குள்ள போட்டுக்கிட்டு கோயமுத்தூர் பஸ் ஏறிட்ட. ஏன் கண்ணு இப்படிப் பண்ணினன்னு போன்ல கேட்டா, "அது டப்பா இல்லீங்ப்பா, வெடிகுண்டு"ங்கற. வெடிகுண்டா இருந்தா இத்தன வருசமா ஸ்டோர் ரூம்ல என்ற பொடனிக்குப் பின்னாலதான இருந்துச்சு, ஒருக்காலும் வெடிக்கலியே? டப்புன்னு போனை வெச்சுட்ட. செரி. போனை வெக்கலாம். கடுதாசிய என்ன பண்ணுவ? மடிச்சு வெச்சாலும் உள்ள நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன்.

இத எழுதறது நானில்ல. நான் சொல்லச் சொல்ல யாக்கோபு எழுதறான். நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன்னு உனக்குத் தெரியும். என்ற கையெழுத்தப் பாத்தா டாக்டரு சீட்டுன்னு நெனச்சு மெடிக்கல்காரன் மாத்திரை எடுத்துக் குடுத்துருவான். அப்பறம் அதுக்கும் நீ ஒருக்கா விசாரணைக்கு வந்துருவ. யாக்கோபுக்கு எழுத்து முத்து முத்தா வரும், தூத்துக்குடிப் பக்கம் சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சவன். எழுதறது வலது கை. சீக்கு வந்தது இடது கை. அதனால நீ பயப்படாத. பய எதுத்தாப்புல குக்கிக்கிட்டு, "அண்ணாச்சி, இதெல்லாமா எழுதணும்? விசயத்துக்கு வாங்க"ங்கறான். அதையும் எழுதுடான்னேன். எழுதிட்டான் பாரு.

ஊட்டுல உங்கம்மா உம்பக்கம். வெடியால காப்பியக் குடுக்கறப்பவே, "படிக்க வெச்சமே, அது சொன்னாக் கேட்டா என்னங்க"ன்னு ஆரம்பிச்சா, நான் கம்பெனிக்குக் கெளம்பற வரைக்கும் ஓயறதில்ல. அதனால எனக்குன்னு பேச ஆள் இல்ல. இந்தக் கடுதாசிய உன்ற ஆஸ்பத்திரில எல்லாருக்கும் படிச்சுக் காட்டு. நானும் ஒரு பிரதிய நம்ம கம்பெனி நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போறேன். ஞாயம் யார் பக்கம்னு நாலு பேரு சொல்லட்டும்.

மொதல்ல அந்த டப்பா எப்படி வந்துச்சுன்னு உன்ற டாக்டருங்களுக்குச் சொல்லோணும். அவங்க நம்மூரு ஆளுங்க இல்ல. நம்மூருல எதையும் வீசறதில்ல. ஆர்டர் போனது போக மீதி பனியனுக்கு சர்ப்ளஸ்னு பேரு. அதுல ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்ச, ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது, எல்லாத்தையும் கலந்து செட்டுப் போட்டு வித்துருவாங்க. வெட்டினதுல மீந்த துண்டுத் துணி கூட மிஷின் தொடைக்கப் போயிரும். இந்த ஊருல நாப்பது வருசம் கட்டிங் மேசைல நின்னவன் நான். மீந்ததை வீச மனசு வராது. நான் கட்டிங்க விட்டு ஸ்டோருக்கு வந்து, நூலும் பட்டனும் எடுத்துக் குடுக்க ஆரம்பிச்ச புதுசுல, காச்சல்னு லீவு போட்டுட்டு வந்த ஒருத்தன், "பெரியவரே, நல்லாயிருச்சுங்க, இந்த மாத்திரை மீந்துருச்சு, யாருக்காச்சும் ஆகும்"னு குடுத்தான். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுல போட்டேன். அப்பறம் இன்னொருத்தி வந்தா. அப்பறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. யாரோ ஒரு குசும்பன் அதுக்கு மேல மார்க்கர்ல "சர்ப்ளஸ்"னு எழுதிட்டான். (நான்தான் எழுதினேன்.)

ஷிப்மென்ட் நெருக்கத்துல ஒருத்தனுக்குக் காச்சல் வந்தா டாக்டர் ஊட்டுல போயி குக்கறதுக்கு நேரம் ஏது? ஏத்துமதிக்கு இருந்த கோட்டாவ எடுத்த பொறவு ஆர்டர் கொட்டுது, உனக்கே தெரியும். மெடிக்கல்லயும் சீட்டுக் கேக்கறதில்ல. "ஒரு செட்டு குடுங்க"ன்னா போதும். ஒரு சிவப்பு, ஒரு மஞ்ச, ஒரு கேப்சூல், கத்திரியில வெட்டி பேப்பர்ல மடிச்சுக் குடுத்துருவான். அவன் செட்டுப் போட்டான், நானும் செட்டுப் போட்டேன். அவன் காசுக்குப் போட்டான், நான் ஓசில போட்டேன். அவனை விட்டுட்டு என்னப் புடிச்சுக்கிட்ட. அதுதான் எனக்கு வருத்தம்.

"அவங்களையும் புடிச்சுட்டுத்தானுங்ப்பா வர்றேன்"னு நீ சொல்லுவ. தெரியும். நீ மங்கலம், பல்லடம்னு கடை கடையா ஏறி எறங்கினதை அந்த மெடிக்கல்காரனே என்கிட்ட வந்து அழுதான். "உங்க பொண்ணுங்களா அது? என்னமா கேள்வி கேக்குதுங்க!"ன்னான். பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா அவன்கிட்டக் காட்டிக்கல.

இப்ப யாக்கோபு கதைக்கு வர்றேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு எழுதறான், காதெல்லாம் செவந்துருச்சு. இவன் நம்ம கம்பெனி அயர்ன் மாஸ்டர். போன மழைக் காலத்துல நீராவி அயர்ன் பாக்ஸ் குழாய் புடுங்கிக்கிட்டு இடது முழங்கையில அடிச்சுருச்சு. வெந்த புண்ணு. மொதல்ல ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருந்துச்சு. அப்பறம் சீழ் வெச்சுது. டப்பாவுல இருந்து ஒரு செட்டு குடுத்தேன். வத்துற மாதிரி வத்தி மறுக்கா வந்துச்சு. வேற கலர்ல ஒரு செட்டு குடுத்தேன். அதுவும் அப்படித்தான். நான் டாக்டராகி நல்லா முன்னேறிட்டு இருந்தேன், சீக்கும் என்கூடவே முன்னேறுச்சு.

கடைசில இவன் காச்சல்ல நடுங்கவும், கிளினிக்குக்குத் தாட்டிவிட்டோம். அங்க சீழ எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட் வந்தன்னிக்கு அந்த டாக்டரு ஊருல இல்ல. யாக்கோபு பேப்பரை என்கிட்டக் கொண்டாந்தான். இங்கிலீசுல மாத்திரை பேரா வரிசையாப் போட்டு, பக்கத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு யாரு சொன்னா? லேபிள் படிக்கற அளவுக்குத் தெரியும். எல்லாத்துக்கும் ஆர், ஆர், ஆர்னு போட்டிருந்துச்சு. கீழ ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் எஸ். நாப்பது வருசமா பனியன் லேபிள்ல நான் பாக்காத எழுத்தா? ஆர்னா ரெகுலர். எஸ்னா ஸ்மால். "பயப்படாத யாக்கோபு, எல்லாமே ரெகுலரா இருக்கு, ஒண்ணு மட்டும் கொஞ்சம் சைஸ் கம்மி. அது தின்னாச் செரியாயிரும்"னேன். அவனும் நிம்மதியா ரெண்டு முட்டை வாங்கித் தின்னுட்டு வந்து அயர்ன் மேசைல நின்னுட்டான்.

இந்தச் சங்கதிய நான் சிரிச்சுக்கிட்டே உனக்குப் போன்ல சொன்னேன். நீ சிரிக்கல. மெதுவா, "அப்பா, ஆருன்னா அந்த மாத்திரை இந்தச் சீக்குக்குக் கேக்காதுன்னு அர்த்தமுங்க. எஸ்ஸுன்னா கேக்கும்னு அர்த்தமுங்க"ன்ன. அந்தப் பேப்பரை மறுக்கா எடுத்துப் பாத்தேன். மேல இருந்து கீழ வரைக்கும் ஆர். என்ற டப்பாவுல இருந்த அத்தனையும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. எஸ் போட்டிருந்த அந்த ஒண்ணு மட்டுந்தான் என்கிட்ட இல்ல.

மக்யா நாளே அவனை உன்ற ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன. வந்தான். அந்த எஸ்ஸு மாத்திரையக் குடுத்தாங்க. அப்பத்தான் புதுசா வந்த மாத்திரையாம், யானை வெலையாம், டாக்டருங்களே எடுக்க யோசிப்பாங்களாம். புது மாத்திரை வெளிய போன பொறவு ஆளுங்கள என்ன பண்ணுதுன்னு கணக்கெடுக்கறது உன்ற வேலை, நீ அதுக்குப் பின்னாலயே திரியற. யாருக்குக் குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்க, டெஸ்ட் பண்ணிக் குடுத்தாங்களா பண்ணாமக் குடுத்தாங்களா, புண்ணு ஆறுச்சா, வயித்தப் பொரட்டுச்சா, ரத்தம் கொறஞ்சுதா, முழுசாத் தின்னாங்களா, பாதில உட்டாங்களா. ஒருத்தரையும் உடாம ஊட்டுக்கே போயி கேக்கற. அதனாலதான் நான் அதுக்கு மாப்ள மாத்திரைன்னு பேரு வெச்சேன். நம்மூட்டுக்கு மொத மொதல்ல வர்ற மாப்ளய இப்படித்தான பாப்பாங்க? எப்ப வந்தாரு, என்ன சாப்பிட்டாரு, வயித்துக்கு ஒத்துக்கிச்சா, மொகம் சுளிச்சாரா. வர்ற தையில கல்யாணத்த வெச்சுக்கிட்டு, நெஜ மாப்ள போன் பண்ணினா "வேலையா இருக்கேனுங்க"ங்கற. மாத்திரை மாப்ளயப் பத்தின்னா பஸ் புடிச்சு ஓடியாற. அந்த ஈரோட்டுப் பையன் பாவம்.

யாக்கோபுக்குக் கை வத்துச்சு. காச்சல் போச்சு. மீதிய ஊட்டுல வேளா வேளைக்குத் தின்னோணும், ஒண்ணு கூட உடக்கூடாதுன்னு சொல்லி நீதான் பையில போட்டுக் குடுத்த. இங்க வந்தான். வலி இல்ல. வேலை குமிஞ்சு கெடக்கு. நேரா ஸ்டோருக்கு வந்து, "அண்ணாச்சி, எனக்குச் சொகமாயிட்டு. இது வெலை ஒசந்த மாத்திரைல்லா, வீணாக்கக் கூடாது. ஏழை பாழைக்கு ஆகும்"னு டப்பாவுல போட்டான். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அவன் முதுகத் தட்டிக் குடுத்தேன். என்ற டப்பாவுல இல்லாத சரக்கு வந்துருச்சுன்னு எனக்கு ஒரே சந்தோசம்.

நீ ஆஸ்பத்திரில இருந்து அவன் செல்லுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்திருக்க. அது ரீசார்ஜ் பண்ணாமச் செத்துக் கெடந்துச்சு. அதனால நேர்ல வந்த. வாசல்ல உன்னப் பாத்ததும் அப்பனப் பாக்கத்தான் வந்திருக்கன்னு நெனச்சு டீ சொல்லப் போனேன். நீ, "யாக்கோபு அண்ணன் எங்கீங்ப்பா?"ன்ன.

அவன் வந்தான். "மாத்திரை முடிஞ்சுதாண்ணா?"

"சொகமாயிட்டு தங்கச்சி."

"அதக் கேக்கலீங்ண்ணா. மாத்திரை முடிஞ்சுதா?"

அவன் என்னப் பாத்தான். நான் கூரையப் பாத்தேன். கூரைல ஒரு ஃபேன் ஓடுச்சு. நீ எங்க ரெண்டு பேரையும் பாத்த. அப்பறம் என்ற பின்னால இருந்த டப்பாவப் பாத்த. சின்னதுல இருந்தே உனக்கு அந்தக் கண்ணு. நான் பீடிய எங்க ஒளிச்சு வெச்சாலும் கண்டுபுடிச்சுருவ.

மேசைல கொட்டினதும் அந்த மாத்திரை அட்டைய மட்டும் தனியா எடுத்த. வெச்சதுல கொறஞ்சிருந்துச்சு. "இதுல மீதி யாருக்குப் போச்சுங்ப்பா?"ன்னு கேட்ட. சத்தமில்லாமக் கேட்ட. நீ கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். ஓவர்லாக் மிஷின்ல இருந்து ஈஸ்வரி எந்திரிச்சு, "எனக்குங்க்கா. தொண்டை வலின்னேன், பெரியவரு குடுத்தாருங்க. புதுசு, நல்லாக் கேக்கும்னாரு"ன்னா. அவ தொண்டை மூணாம் நாளே நல்லாயிருச்சு. தொண்டை வலிக்கு வெந்நில உப்புப் போட்டுக் கொப்புளிச்சிருந்தாலும் நல்லாயிருக்கும்னு நீ சொன்ன. அப்பறம் யாக்கோபு கைக்கட்டை அவுத்துப் பாத்த. உள்ள மறுக்கா செவந்து, ஓரத்துல தண்ணி கட்டியிருந்துச்சு. அவன் முழுக்கைச் சட்டையப் போட்டு மூடி வெச்சிருந்தான். எனக்கே தெரியாது. சத்தியமாத் தெரியாது கண்ணு.

"இந்த மாத்திரையும் ஆருன்னு ஆயிருச்சுன்னா, இவருக்கு அடுத்தது என்ன இருக்குதுங்ப்பா?"ன்னு கேட்ட. நீயே சொன்ன. ஊசி மருந்து ஒண்ணு ரெண்டு இருக்கு, ஆஸ்பத்திரிலயே படுத்துக் கெடக்கோணும், கேக்கும்னு நிச்சயமில்ல, எலும்புக்குப் போயிருச்சுன்னா கைய எடுக்கறதாக் கூட ஆயிரும்ன. அயர்ன் மாஸ்டருக்குக் கை இல்லாட்டி என்ன இருக்கு? யாக்கோபு அப்பத்தான் மொத தடவையா பயந்து பாத்தேன். நீராவி அடிச்சப்பக் கூட அவன் அப்படிப் பயப்படல.

அப்பவும் என்ற வாய் அடங்கல. "ஏன் கண்ணு, டெஸ்ட் எல்லாம் பண்ணி, நல்ல மருந்துன்னு சர்க்கார் சொல்லித்தான விக்கறான்? அப்பறம் நீ எதுக்கு ஊடு ஊடாப் போயி கேட்டுக்கிட்டுத் திரியற? உனக்கு வேற வேலை இல்லியா?"ன்னேன். அதுக்கு நீ சொன்னது எனக்கு இன்னும் குத்துது. "சாம்பிள் பீஸ் ஓகே ஆனதும் பல்க்கை செக் பண்ணாம அனுப்புவீங்களாப்பா?"ன்ன.

யாக்கோபு சிரிக்கறான். சிரிச்சுக்கோ. கம்பெனியே அன்னிக்குச் சிரிச்சுது. ஏன்னா சாம்பிள் பீஸ் எப்படித் தைப்போம்னு இங்க எல்லாருக்கும் தெரியும். நல்ல டெய்லரை ஃபேனுக்கடியில குக்க வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, ஒரே ஒரு பனியனைக் கல்யாணப் பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணி அனுப்புவோம். ஆர்டர் மொத்தமும் தைக்கற பல்க் அப்படியா? ஓவர்டைம்ல, தூக்கக் கலக்கத்துல, கரண்ட் போயிப் போயி வந்து தைக்கறது. அதோட நிக்குதா? வாங்கினவன் ஊட்டுல போயி ஒருக்காத் துவைச்ச பொறவுதான் சாயம் நிக்குதா ஓடுதான்னு தெரியும். மாத்திரைய விக்கறதுக்கு முன்னால, ஆளுங்கள ஆஸ்பத்திரில படுக்க வெச்சு, மணி அடிச்சுக் குடுத்துப் பாத்தது சாம்பிள். யாக்கோபும், ஈஸ்வரியும், நானும், மெடிக்கல்காரனும் பல்க். அதத்தான் நீ செக் பண்ற. புரிஞ்சுது. புரிஞ்சத அன்னிக்கே ஒத்துக்கிட்டிருக்கலாம். அத்தன பேரு முன்னால எப்படி ஒத்துக்கறது?

பாதில உட்டா என்ன ஆகும்னு அப்பறம் நானே யோசிச்சுப் பாத்தேன். பனியன்ல மிஷின் ஆயில் பட்டுருச்சுன்னா, கறைய முழுசா எடுத்துட்டுத்தான் அயர்ன் போடோணும். பாதி எடுத்து, போயிருச்சுன்னு நெனச்சு சூடு வெச்சா, மீதி அப்படியே நூலுக்குள்ள புடிச்சுக்கும். அப்பறம் எந்த லிக்விட் அடிச்சாலும் போகாது. இத அயர்ன் மாஸ்டருக்கே நான் சொல்ல வேண்டியதா இருக்கு. "அது துணி, இது ஒடம்பு, எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"ங்கறான். நானும் அதேதான் சொல்றேன். ஆனா துணின்னா மட்டும் ரெண்டு பேரும் கரெக்டா இருந்திருக்கோம்.

இதுக்கெல்லாம் நான் கோவிச்சுக்கல அம்முணி. கோவம் எதுக்குன்னா, நீ பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப வாசல்ல நிறுத்தி ஒண்ணு கேட்டேனே, அதுக்குத்தான். "அந்தக் கொறஞ்ச மாத்திரை தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்க கண்ணு. அப்பன் எடுத்து இன்னொருத்திக்குக் குடுத்தான்னு எழுதாத. கல்யாணம் வர்ற நேரத்துல உன்ற ஆபீஸ்ல எனக்கு என்ன மரியாதை?"ன்னேன். நீ, "தொலைஞ்சு போச்சுன்னு எழுதினா பொய்யிங்ப்பா. எங்க போகுதுன்னு பாக்கறதுதானுங்க என்ற வேலையே"ன்ன. "பேரு போட மாட்டனுங்க. பனியன் கம்பெனில மீதி மாத்திரைய சேத்து வெச்சு மத்தவங்களுக்குக் குடுக்கறாங்கன்னு எழுதுவனுங்க"ன்ன. பேரு போடாட்டி என்ன, படிக்கறவனுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியுமில்ல? அதுக்குத்தான் வெடிகுண்டு கிடிகுண்டுன்னு போன்ல நம்ம ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு.

அன்னிக்குப் பொழுதோட ஊட்டுக்குப் போயி உங்கம்மாகிட்ட ஞாயம் கேட்டேன். "பெத்த பொண்ணு அப்பனைக் காட்டிக் குடுக்குமா?"ன்னேன். அவ அரிசி பொடச்சுக்கிட்டே, "என்ன பண்றது, என்ற வயித்துல பொறந்தது"ன்னா. உனக்கு அந்தக் கதைய நாங்க முழுசாச் சொன்னதில்ல. உங்கம்மா அந்தக் காலத்துல செக்கிங்ல இருந்தா. நான் கட்டிங் மாஸ்டர், இளந்தாரி, மீசைய முறுக்கிக்கிட்டுத் திரிவேன். ஒரு நாளு நான் வெட்டின கட்டுல கழுத்து அளவு பெசகிருச்சு. கண்ணக் காட்டினேன், உட்டுரு அம்முணி, யாரு பாக்கப் போறாங்கன்னு. மொதலாளியே அந்தப் பக்கம் நின்னுட்டு இருந்தாரு. அவ அந்தக் கட்டத் தூக்கி என்ற மேசைலயே போட்டு, "கழுத்து போகாதுங்க. உங்க தலைய உட்டுப் பாருங்க"ன்னா. கம்பெனியே பாக்க நான் அந்தப் பனியனுக்குள்ள தலைய உட்டு மாட்டிக்கிட்டேன். அப்பவே கல்யாணம் முடிவாயிருச்சு. மாட்டினது மாட்டினதுதான், இன்னும் வெளிய வரல. அப்படிப்பட்டவ பெத்த பொண்ணுகிட்டப் போயி தொலைஞ்சு போச்சுன்னு எழுதச் சொன்னேன் பாரு, என்னச் சொல்லோணும்.

அதனால எழுதிக்க. பனியன் கம்பெனின்னு மொட்டையா எழுதாத. ஸ்டோர்ல ஒரு கெழவன், நல்லவன், கொஞ்சம் வாய் ஜாஸ்தின்னு சேத்து எழுது. இங்க ஒவ்வொரு கம்பெனிலயும் என்ற மாதிரி ஒருத்தன் இருப்பான். அவன்கிட்டயும் ஒரு டப்பா இருக்கும். உன்ற டாக்டருங்க மாத்திரை வேலை செய்யலியேன்னு ஆஸ்பத்திரிக்குள்ளயே தேடிக்கிட்டு இருந்தா, டப்பா எப்படிக் கெடைக்கும்?

இப்ப இங்க நெலவரம். யாக்கோபு அன்னிக்கே உன்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரு மறுக்கா சீழு டெஸ்ட் பண்ணி, எஸ்ஸு இன்னும் எஸ்ஸாத்தான் இருக்குன்னு சொன்ன பொறவு, மொதல்ல இருந்து மாத்திரை ஆரம்பிச்சது உனக்கே தெரியும். நீ ஆபீஸ் போனுக்கு அடிக்கற ஒவ்வொருக்காலும் மொதலாளி எடுத்து, "பெரியவரே, உங்க கலெக்டரம்மா லைன்ல"ங்கறாரு. அவரும் பயந்துட்டாரு, காச்சல்னு வந்தா டாக்டர்கிட்டப் போயிட்டு வரட்டும்னு சொல்லிட்டாரு. ஷிப்மென்ட் நேரத்துல இந்தப் பேச்சு நிக்குமான்னு பாக்கோணும். யாக்கோபு செல்லுல நீ வெச்சுக் குடுத்த அலாரம் கம்பெனில ஊதற சங்க விடச் சத்தமா இருக்கு. அது அடிச்சதும் நான் ஸ்டோர்ல இருந்து வந்து, அவன் முழுங்கின பொறவு வாயத் தொறந்து நாக்க நீட்டிக் காட்டச் சொல்லுவேன். மொத நாளு, "என்ன அண்ணாச்சி, என்னைய நம்ப மாட்டீயளா?"ன்னு மூஞ்சிய வெச்சுக்கிட்டான். டப்பாவுல போட்டவன எப்படிடா நம்பறதுன்னேன். அன்னில இருந்து நீட்டறான். நடுவுல ஒருக்கா வயித்தப் பொரட்டுதுன்னு உட்டுரலாமான்னு கேட்டான். வலி கொறஞ்சா உட்டுரோணும்னு அவனுக்குள்ள யாரோ இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கான். உனக்கு போன் பண்ணிக் கேட்டு, சோத்துக்குப் பின்னால திங்கச் சொன்னேன். இப்பப் புண்ணு ஓரத்துல இருந்து தோலு கட்டி வருது. இன்னும் கொஞ்சம் மாத்திரை மிச்சம் இருக்கு. மிச்சம்னு எழுதறப்பவே அவன் கை நிக்குது பாரு. அது சர்ப்ளஸ் இல்லடா, உன்றது.

ஈஸ்வரி தொண்டை வலின்னு வந்தா உப்புத் தண்ணி குடுக்கறேன். "பெரியவரே, புது ஐட்டம் ஒண்ணும் வரலீங்களா?"ன்னு அவ என்னக் கிண்டல் பண்றா. டப்பாவை நீயே வெச்சுக்காத, காலியாத் தாட்டிவிடு. பட்டன் போட்டு வெக்கறேன். பிஸ்கட் டப்பா நல்ல தகரம்.

அப்பறம் கல்யாண விசயம். அந்த ஈரோட்டுப் பையன் போன வாரம் என்கூடப் பேசினான். "மாமா, அவங்களுக்கு என்ன புடிக்கும்?"னு கேட்டான். மாத்திரை புடிக்கும்னேன். பையன் சிரிக்கல, குறிச்சுக்கிட்டான்னு நெனைக்கறேன். நல்ல பையன். நீ போற ஊட்டுல உனக்கு எல்லாம் தெரியும்னு காட்டிக்காத, ஆனா கேக்காத மாத்திரையக் கண்டா ஆருன்னு சொல்லிரு, மாமியாரு டப்பாவுல இருந்தாலும் சொல்லிரு. இத்தன வருசம் உன்ன நான் கேலி பண்ணிப் பண்ணியே வளத்துட்டேன், ஒரு நல்ல வார்த்தை மொகத்துக்கு நேராச் சொன்னதில்லன்னு உங்கம்மா சொல்றா. அதனால இந்தக் கடுதாசில கடைசியா ஒண்ணே ஒண்ணு, கிண்டல் இல்லாம, உன்கிட்டச் சொல்லோணும்னு வெச்சிருந்தேன். அது என்னன்னா கண்ணு, அன்னிக்கு நீ மேசை முன்னால நின்னப்ப, எனக்கு

இது என்ற கையெழுத்து. மெடிக்கல்ல காட்டிராத. அலாரம் அடிச்சுருச்சு. யாக்கோபு பேனாவ மேசைல போட்டுட்டு எந்திரிச்சுட்டான். இருடா, ஒரு வரிதான் பாக்கின்னேன். "தங்கச்சி வையும் அண்ணாச்சி, நேரத்துக்குத் திங்கணும்லா"ன்னு போயிட்டான். சொம்புல தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுச்சு. நான் கூப்படவே இல்ல, அவனே வாசப்படில வந்து நின்னு, வாயத் தொறந்து, நாக்க நல்லா நீட்டிக் காட்டினான். அப்பறம் சட்டைய மாட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழமைச் சர்ச்சுக்குப் போயிட்டான். இன்னிக்கு முழுக்கை இல்ல, அரைக்கைச் சட்டை.